படகுத்துறை பதில்கள்: சிறிய எஞ்சினுக்குப் பின்னால் நீர்ச்சறுக்கு

இந்த மாதம் வந்த மடல்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன. எஞ்சின் சிறியது, கயிற்றைப் பிடித்திருப்பவர் நீரை விட்டு எழவில்லை, என்ன செய்வது? பெரிய எஞ்சின் வாங்குங்கள் என்று சொல்ல யாராலும் முடியும். இழுவைப் படகு ஓட்டியும் படகின் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டியும் காலம் தள்ளியவள் நான். எஞ்சினை மாற்றுவதற்கு முன் மாற்றிப் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன என்பதே என் அனுபவம்.

கேள்வி: அம்மா, எங்களிடம் நாலரை மீட்டர் ஃபைபர் படகும் 40 குதிரைத்திறன் அவுட்போர்டும் இருக்கின்றன. என் மகனுக்கு 16 வயது, எடை 60 கிலோ. இரட்டைச் சறுக்குப் பலகையில் எழ முயல்கிறான். படகில் நாங்கள் நான்கு பேர். எவ்வளவு இழுத்தும் அவன் மார்பளவு நீரிலேயே கிடக்கிறான். 90 குதிரைத்திறன் இல்லாமல் நடக்காது என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மையல்ல. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 குதிரைத்திறன் என்பது ஏறக்குறைய 30 கிலோவாட். புரொப்பல்லர் நீரைத் தள்ளும்போது அதில் பாதி வீணாகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீதி 15 கிலோவாட். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் அது சுமார் 180 கிலோ எடைக்குச் சமமான உந்துவிசையைத் தரும். படகு, எஞ்சின், இரண்டு பேர் எல்லாம் சேர்ந்து 540 கிலோ என்றால், நீரின் மேல் எழுந்து ஓடும் நிலையில் அதற்குத் தேவை ஏறத்தாழ 100 கிலோ. பலகையில் நின்றுவிட்ட உங்கள் மகனுக்கு 20 கிலோ அளவு இழுவிசை போதும். ஆக, ஓடுவதற்கு வேண்டிய வலு உங்கள் எஞ்சினில் இருக்கிறது, மிச்சமும் இருக்கிறது.

தட்டுப்பாடு முதல் சில விநாடிகளில்தான். புறப்படும்போது படகு தான் எழுப்பிய அலையின் மீதே ஏற வேண்டியிருக்கிறது. முன்பக்கம் தூக்கி, பின்பக்கம் புதைந்து, நீரின் தடை உச்சத்துக்குப் போவது அப்போதுதான். அதே நேரத்தில் உங்கள் மகன் உடம்பு முழுவதும் நீருக்குள் இருந்தபடி பின்னால் இழுக்கிறான். இரண்டு சுமையும் ஒரே கணத்தில் வந்து விழுகின்றன. அந்தக் கணத்தைக் கடந்துவிட்டால் பிறகு த்ராட்டிலை, அதாவது எஞ்சினின் முடுக்கியை, குறைக்க வேண்டியிருக்கும்.

ஆகவே முதலில் இரண்டு பேரைக் கரையில் இறக்குங்கள். ஓட்டுபவரும் கண்காணிப்பவரும் போதும். இருவரில் ஒருவர் இயன்ற அளவு முன்னால் தள்ளி, தரையோடு சேர்ந்த இருக்கையில் உட்காரட்டும். முன்பக்க விளிம்பில் மட்டும் யாரையும் உட்கார வைக்காதீர்கள். விழுந்தால் நேராக புரொப்பல்லருக்குத்தான் போவார்கள். எஞ்சினின் டிரிம்மை, அதாவது அதன் சாய்கோணத்தை, முழுக்க உள்ளே இறக்குங்கள். அப்போது உந்துவிசை பின்பக்கத்தைச் சற்றுத் தூக்கி முன்பக்கத்தை அமர்த்தும். படகு எழுந்தபின் டிரிம்மை மெல்ல வெளியே கொண்டுவரலாம்.

பிறகு பலகை. கடையில் பளபளப்பாக இருக்கும் ஒடுக்கமான பலகைகள் வேகமான படகுகளுக்கானவை. உங்களுக்கு அகலமும் நீளமும் கூடிய பலகை வேண்டும். பரப்பு கூடினால் குறைந்த வேகத்திலேயே அது ஆளைத் தாங்கும்.

உங்கள் மகனிடம் ஒன்று சொல்லுங்கள்: அவசரப்பட்டு நிற்க வேண்டாம். முழங்கால் மார்போடு ஒட்டியிருக்க, கைகள் நீட்டியிருக்க, பலகை நுனிகள் நீருக்கு மேலே தெரிய, பந்துபோல் சுருண்டு காத்திருக்க வேண்டும். பெரிய படகுக்குப் பின்னால் இந்தக் காத்திருப்பு இரண்டு மூச்சு. உங்கள் படகுக்குப் பின்னால் அதைவிட நீளும். பாதியில் எழுந்து நிற்க முயன்றால் பலகை மூழ்கி மறுபடி நீரை உழத் தொடங்கிவிடும். படகு சமநிலைக்கு வந்து வேகம் பிடிப்பதைக் கைகளில் உணர்ந்த பிறகு நிற்கட்டும்.

கேள்வி: ஆள் இல்லாமல் ஓட்டும்போது என் எஞ்சின் முழு த்ராட்டிலில் நிமிடத்துக்கு 5,200 சுற்று போகிறது. பின்னால் ஆளைக் கட்டினால் 3,000-ஐத் தாண்ட மறுக்கிறது. எஞ்சினில் கோளாறா?

பதில்: உங்கள் மடலைப் படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. சுற்று எண்ணிக்கையைக் கவனித்து எழுதுகிறவர்களுக்குப் பதில் சொல்வது எளிது. கோளாறு எஞ்சினில் இருக்க வாய்ப்பு குறைவு, புரொப்பல்லரைப் பாருங்கள்.

புரொப்பல்லரின் நடுக்குமிழில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். பிட்ச் 13 என்றால், நழுவல் எதுவும் இல்லாதபோது ஒரு சுற்றுக்கு அது 13 அங்குலம் முன்னேறும். மேட்டில் ஏறும் சைக்கிள்காரர் கியரைக் குறைப்பது எதற்காகவோ, அதற்காகத்தான் நாம் பிட்சைக் குறைக்கிறோம். எஞ்சின் சட்டென்று சுற்று பிடிக்கும், தன் முழு வலுவையும் தரக்கூடிய நிலைக்கு ஏறிவிடும். உச்ச வேகம் குறையும். ஆனால் ஆளை இழுக்கும்போது அந்த உச்ச வேகம் உங்களுக்கு எதற்கு? 3,000 சுற்றில் முக்கிக்கொண்டிருக்கும் எஞ்சின் தன் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் குதிரைத்திறனைத் தருவதே இல்லை. அது மேல் சுற்றுகளில்தான் கிடைக்கும்.

எவ்வளவு குறைப்பது? பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் முழு த்ராட்டிலில் 150 முதல் 200 சுற்று கூடும் என்பது பட்டறைக் கணக்கு. உங்கள் எஞ்சின் கையேட்டில் முழு த்ராட்டிலுக்கான வரம்பு இருக்கும். சிறிய நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பலவற்றுக்கு அது 5,000 முதல் 6,000. இரண்டு அங்குலம் குறைத்தால் நீங்கள் 5,500-க்கும் 5,600-க்கும் நடுவே நிற்பீர்கள். அது நல்ல இடம். ஆசைப்பட்டு நான்கு அங்குலம் குறைத்தால் ஆள் இல்லாத நேரத்தில் 6,000-ஐத் தொட்டுவிடும். எஞ்சினுக்கு அது ஆகாது.

மூன்று இதழுக்குப் பதில் நான்கு இதழ் உள்ளதை வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம். நான்கு இதழ் நீரை இறுகப் பிடிக்கும், திருப்பங்களில் காற்றை உறிஞ்சி வெறுமனே சுழல்வது குறையும். புதியதை வாங்கும் முன் பழையதன் விளிம்புகளை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு கல்லில் இடித்து மடங்கிய இதழ் புறப்பாட்டு வலுவைத் தின்றுவிடும்.

பழைய புரொப்பல்லரை எறிந்துவிடாதீர்கள். தனியாகச் சுற்றிவரும் நாளுக்கு அது, இழுக்கும் நாளுக்கு இது. ஒரு பின், ஒரு நட்டு, அவ்வளவுதான் வேலை. மாற்றும்போது எஞ்சின் நின்றிருக்க வேண்டும், எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்ச் கயிறு கழற்றப்பட்டு உங்கள் பையில் இருக்க வேண்டும்.

கேள்வி: முதன்முதலாக நீர்ச்சறுக்கு செய்தவருக்கு எவ்வளவு பெரிய எஞ்சின் இருந்தது? (பள்ளி மாணவி)

பதில்: நல்ல கேள்வி கேட்டாய் கண்ணே. அவர் பெயர் ரால்ஃப் சாமுவேல்சன். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பெப்பின் ஏரியில், 1922-ஆம் ஆண்டு ஜூலை 2 அன்று, தன் பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முதல் நாள் அதைச் செய்து காட்டினார். படகை ஓட்டியது அவருடைய அண்ணன் பென். இன்றைய விளையாட்டுப் படகுகளின் வலு அந்தக் காலத்துப் படகுக்குக் கிடையாது.

அவர் எப்படி வென்றார் என்பதுதான் நமக்கு முக்கியம். முதலில் பீப்பாய்ப் பலகைகளைக் காலில் கட்டிப் பார்த்தார், மூழ்கினார். பனிச்சறுக்குப் பலகைகளையும் முயன்றார், அவையும் மூழ்கின. பிறகு எட்டு அடி நீளமும் ஒன்பது அங்குல அகலமும் உள்ள மரப்பலகைகளை வாங்கி, நுனிகளை வெந்நீரில் ஊறவைத்து மேல்நோக்கி வளைத்தார். அப்போதும் விழுந்துகொண்டே இருந்தார். உடலைப் பின்னால் சாய்த்து நுனிகளை நீருக்கு மேலே உயர்த்திப் பிடித்த அன்றுதான் எழுந்தார். பெரிய பலகை, பின்சாய்ந்த உடல், உயர்ந்த நுனி. முதல் கேள்விக்கு நான் சொன்ன பதிலோடு ஒப்பிட்டுப் பார்.

கேள்வி: கண்காணிப்பவரையும் இறக்கிவிட்டால் இன்னும் 70 கிலோ குறையும். பின்புறம் பார்க்க அகலமான கண்ணாடி பொருத்திவிட்டேன். போதும்தானே?

பதில்: போதாது. சில இடங்களில் சட்டம் கண்ணாடியை ஏற்றுக்கொள்கிறது. நான் ஏற்கவில்லை. ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியை உங்களைப் போல் பலர் கேட்கிறார்கள், கேட்காமலே செய்கிறவர்கள் இன்னும் அதிகம்.

மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் படகு ஒரு விநாடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் போகிறது. கண்ணாடியில் ஆளைத் தேடி, அவர் பலகையில் இருக்கிறாரா நீரில் இருக்கிறாரா என்று புரிந்துகொள்ள உங்களுக்கு மூன்று விநாடி ஆகிறது என்றால், அந்த 25 மீட்டரைப் பார்க்காமலே கடந்திருப்பீர்கள். இது எல்லாப் படகுக்கும் பொது. சிறிய எஞ்சினுக்கு இதைவிட மோசமான சிக்கல் ஒன்று உண்டு. பெரிய எஞ்சின் உள்ள படகு சட்டென்று சமநிலைக்கு வந்துவிடும். உங்கள் படகு முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நெடுநேரம் திணறும். அந்த நேரம் முழுக்க உங்கள் முன்னால் தெரிவது படகின் மூக்கும் வானமும்தான். முன்னால் நீந்துகிறவர் தெரியமாட்டார். அந்த நேரத்தில் நீங்கள் கண்ணாடியையும் பார்க்கப் போகிறீர்களா? வலு குறைந்த படகுக்குத்தான் இன்னொரு ஜோடிக் கண் அதிகம் தேவை.

எடையை வேறிடத்தில் குறைக்கலாம். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ. 40 லிட்டர் கொள்ளும் கலத்தில் 15 லிட்டரோடு புறப்பட்டால் கிட்டத்தட்ட 19 கிலோ மிச்சம். படகின் அடித்தளத்தில் தேங்கிய நீர் லிட்டருக்கு ஒரு கிலோ. அதை இறைத்துவிடுங்கள், புறப்படும்போது அது பின்னால் ஓடிச் சேர்ந்து பின்பக்கத்தை இன்னும் அமிழ்த்தும். நனைந்த மிதியடி, யாரும் தொடாத பெட்டிகள், இன்றைக்குத் தேவையில்லாத பலகைகள் எல்லாம் கரையிலேயே இருக்கட்டும். நங்கூரமும் துடுப்பும் தீயணைப்பானும் இறங்கக் கூடாது. படகின் அடிப்பகுதியில் பாசி படிந்திருந்தால் தேய்த்துக் கழுவுங்கள். இவ்வளவும் செய்தால் அந்த 70 கிலோவில் பெரும்பகுதி வந்துவிடும். கண்காணிப்பவராக எடை குறைந்த, ஆனால் பொறுப்புத் தெரிந்த ஒருவரை அமர்த்துங்கள். குழந்தையை அல்ல. அவர் படகின் முன்பாதியில் பின்னோக்கி உட்கார்ந்தால் எடையும் சரியான இடத்துக்கு வந்துவிடும்.

எல்லோரும் ஒரே சைகைகளை வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை, தலையைத் தட்டினால் கரைக்குத் திரும்பு, கழுத்தின் குறுக்கே கையை இழுத்தால் நிறுத்து. விழுந்தவர் தலைக்கு மேல் இரு கைகளையும் கோத்துக் காட்டினால் நலம் என்று பொருள். அந்தச் சைகை வரவில்லை என்றால் உடனே திரும்புங்கள். அருகில் வந்ததும் எஞ்சினை அணையுங்கள். நியூட்ரலில் விட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், அணையுங்கள்.

கேள்வி: 30 குதிரைத்திறனில் மூன்று பேர் உட்காரும் காற்றடைத்த டியூபை இழுக்கலாமா? மெதுவாகத்தானே போகும், ஆபத்தில்லை அல்லவா?

பதில்: மூன்று பேர் டியூப் நீரை உழுதுகொண்டே வரும், அதன் அடிப்பரப்பு முழுவதும் நீரில் ஒட்டியிருக்கிறது. சிறிய டியூபில் ஒருவரை, அதிகம் போனால் இரண்டு குழந்தைகளை இழுங்கள். எடை டியூபின் பின்பாதியில் இருக்கட்டும், முன்னால் சாய்ந்தால் மூக்கு மூழ்கும். த்ராட்டிலையும் படிப்படியாகக் கூட்டுங்கள்.

மெதுவாகப் போனால் ஆபத்தில்லை என்ற எண்ணத்தை மட்டும் இன்றே விட்டுவிடுங்கள். படகு வளைந்து திரும்பும்போது டியூப் வெளிப்பக்கம் ஒதுங்கிப் பெரிய வட்டத்தில் ஓடுகிறது. படகு 20 மீட்டர் ஆரத்தில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் திரும்ப, டியூப் 30 மீட்டர் ஆரத்தில் வீசப்பட்டால், அதன் வேகம் 30 கி.மீ. சிறிய படகு குறுகிய வட்டத்தில் திரும்பக்கூடியது என்பதால் இந்த வீச்சு அதற்குப் பின்னால் அதிகமாகவே வரும். டியூபுக்குத் திசைதிருப்பும் வழியும் இல்லை, நிறுத்தும் வழியும் இல்லை. அதில் உள்ள குழந்தையின் திசையையும் வேகத்தையும் தீர்மானிப்பது நீங்கள்தான். படகுத்துறை, கரை, மற்ற படகு எதுவும் அந்த வீச்சுக்குள் வரக் கூடாது. விரிந்த வளைவுகளாக ஓட்டுங்கள்.

டியூபுக்கு நீர்ச்சறுக்குக் கயிற்றைக் கட்டாதீர்கள். இருவர் டியூபுக்கான கயிறு 2,375 பவுண்டு, அதாவது சுமார் 1,077 கிலோ தாங்க வேண்டும். நால்வருக்கு 4,100 பவுண்டு. பொட்டலத்தில் அச்சிட்டிருப்பார்கள்.

கேள்வி: கயிற்றைப் படகில் எங்கே கட்டுவது? இப்போது வலது மூலை வளையத்தில் கட்டியிருக்கிறேன். படகு ஒரு பக்கமே இழுக்கிறது.

பதில்: இழுக்கத்தான் செய்யும். படகு லேசானது, ஆள் அதன் பின்பக்கத்தையே திருப்பிவிடுகிறார். இரு மூலை வளையங்களையும் இணைக்கும் கவட்டை வடிவக் கயிறு கிடைக்கிறது, பிரைடில் என்று கேளுங்கள். நடுவில் உருளும் கப்பியோடு வருவதை வாங்கினால், ஆள் இடம் வலம் போகும்போது இழுவிசை நடுவுக்கே வரும். கயிறு தளரும்போது மூழ்கி புரொப்பல்லரில் சிக்காதபடி அதில் மிதவையும் இருக்க வேண்டும்.

நீட்சி அதிகமான நைலான் கயிற்றை இழுவைக்குப் பயன்படுத்தவே கூடாது. சிறிய எஞ்சினுக்கு அது இரட்டை நட்டம்: புறப்படும் வலுவைக் கயிறே நீண்டு விழுங்கிக்கொள்ளும், கை நழுவினால் கைப்பிடி படகுக்குள் இருப்பவர் முகத்துக்குத் திரும்பி வரும். சறுக்குப் பலகைக்கான வழக்கமான கயிறு 23 மீட்டர். அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: படகு எழுப்பும் அலையிலேயே கயிறில்லாமல் சறுக்குகிறார்களே, என் 40 குதிரைத்திறன் அவுட்போர்டில் முடியுமா?

பதில்: கூடாது. அவுட்போர்டின் புரொப்பல்லர் படகின் பின்னால் திறந்து சுழல்கிறது. அலைச்சறுக்கில் ஆள் அதற்குச் சில அடி தூரத்தில் இருப்பார், விழுந்தால் அதை நோக்கித்தான் விழுவார். அந்த விளையாட்டு, புரொப்பல்லர் படகின் அடியில் மறைந்திருக்கும் படகுகளுக்கானது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு இன்னொரு கேடு. பின்பலகையைப் பிடித்துத் தொங்கி வருவதும் இதே காரணங்களால் வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஏரி கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே நன்றாக இழுத்த படகு இங்கே இழுக்கவில்லை.

பதில்: 300 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 3 சதவீதம் வலு குறையும். கீழே 40 குதிரைத்திறன் தரும் எஞ்சின் அங்கே 34 தான் தரும். பிட்சை ஓர் அங்குலம் அல்லது இரண்டு குறைத்துப் பாருங்கள்.

கேள்வி: அம்மா, என் எடை 95 கிலோ, வயது 52. நண்பரின் படகில் 30 குதிரைத்திறன். இரட்டைப் பலகையில் எவ்வளவு முயன்றும் எழ முடியவில்லை. எல்லோரும் சிரிக்கிறார்கள். விட்டுவிடலாமா?

பதில்: சிரிக்கிறவர்களை இறக்கிவிடுங்கள், எடையும் குறையும். 95 கிலோவை ஆழ்நீரிலிருந்து இரட்டைப் பலகையில் தூக்குவது 30 குதிரைத்திறனுக்கு மிகவும் கடினம். அது உங்கள் குறையல்ல. ஆனால் நீருக்கு மேலே ஓடுவதற்கு அது ஒன்றுதான் வழியா? இல்லை.

முழங்காலில் அமர்ந்து செல்லும் நீபோர்டை முயலுங்கள். அதன் பெரிய நன்மை, அது படுத்தபடியே புறப்படுகிறது. வயிற்றை வைத்துப் படுத்து, முழங்கைகள் பலகையின் முன்பாதியில் ஊன்றியிருக்க, கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். சில பலகைகளில் கைப்பிடியை மாட்ட முன்னால் ஒரு கொக்கி இருக்கும். உடம்பு நீருக்குள் தொங்காததால் படகுக்குச் சுமை சட்டென்று குறைகிறது. நண்பர் முதலில் மெல்ல நகர்ந்து கயிற்றின் தொய்வை எடுக்கட்டும், பிறகு சீராக முழு த்ராட்டில். பலகை நீர்மேல் தட்டையாக ஓடத் தொடங்கியதும் ஒவ்வொரு முழங்காலாக முன்னே இழுத்துக்கொண்டு எழுங்கள். மணிக்கு 25 கி.மீ. வந்துவிட்டால் போதும். தொடைகளின் மேல் போடும் பட்டியை ஆரம்பத்தில் கட்டிக்கொள்ள வேண்டாம்; கவிழ்ந்தால் பலகையிலிருந்து எளிதாக விடுபட வேண்டும்.

அது கைவந்தபிறகு ஹைட்ரோஃபாயில் பலகை இருக்கிறது. பலகைக்கு அடியில் ஒரு தண்டு, அதன் நுனியில் சிறகு. சிறகு பலகையை நீரை விட்டுத் தூக்கிவிடுவதால் தடை மிகவும் குறைந்துபோகும். பெரிய சிறகாக இருந்தால் மணிக்கு 20 கி.மீ. அளவிலேயே பறக்கலாம். வலு குறைந்த படகுக்காகவே செய்தது போன்ற விளையாட்டு அது. ஆனால் சிறகும் தண்டும் வெட்டக்கூடியவை. தலைக்கவசம், லைஃப் ஜாக்கெட், ஆழமான நீர், பயிற்சி தரத் தெரிந்த ஒருவர், இவை நான்கும் இல்லாமல் தொடாதீர்கள்.

முதலில் நீபோர்டு. அதையும் அகலமானதாகப் பார்த்து எடுங்கள். நண்பர் படகின் புரொப்பல்லரில் உள்ள இரண்டு எண்களை எனக்கு எழுதி அனுப்புங்கள், பிட்ச் எவ்வளவு குறைக்கலாம் என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.